கால்பணம் கேட்ட ராஜபார்ட்

ஒரே வேஷத்தை மூவாயிரம் தடவைக்கு மேல் போட்ட ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நடிகமணி வி. வி. வைரமுத்து. காங்கேசன்துறைக்காரர். 1924 பெப்ரவரி 11இல் பிறந்து 1989 ஜூலை 8இல் காலமானவர். வசந்த கான சபா என்ற குழுவோடு ஊர் ஊராகப் போய் இசை நாடகம் போட்டவர். ‘பக்த நந்தனார்’ போல வேறு நாடகங்களும் நடித்தார். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் எல்லார் வாயிலும் வருவது ‘அரிச்சந்திரா’தான். அதிலும் கடைசிப் பகுதியான மயான காண்டம். சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் மேடையேறிய கணக்கு மூவாயிரத்தைத் தாண்டும் என்றுதான் ஈழத்து நாடகம் பற்றி எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று இரவு நடித்தால்கூட மூவாயிரம் வருவதற்கு 19 வருஷத்துக்கு மேல் வேண்டும். எங்கள் வயதுக்காரர்களுக்குக் ‘கேரியர்’ என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போவது. ஒரு ஹீரோவின் படம் வந்த அன்றே ‘அடுத்தது என்ன’ என்று கேட்கிறோம். இவருக்கு அடுத்த இரவும் அதே சுடலை, அதே கோல், அதே மகனின் பிணம். அப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

எனக்கு இவரைப் பற்றித் தெரியவந்தது புத்தகத்தில் இல்லை, வெங்காய லொறியில். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் அப்பா ஒரு முதலாளியிடம் கணக்குப்பிள்ளை. கம்பஸ் லீவு விட்டால் பில் எழுத நானும் போவேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதையும் திருகோணமலைக்குப் போகிற ஏ6 பாதையும் எங்கள் ஊரில்தான் சந்திக்கின்றன. அதனால் நுவரெலியா கரட்டும் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் ஒரே கூரைக்குக் கீழே வந்து இறங்கும். வெங்காயத்தோடு வருகிற ஒரு ஐயா, மூட்டை இறக்கும்வரை லொறிக்குப் பக்கத்தில் நின்று ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். ஒரு நாள் “என்ன படத்துப் பாட்டு ஐயா?” என்று கேட்டேன்.

“படமோ? பிள்ளை, இது வைரமுத்தற்ற பாட்டு. சின்னப் பெடியனா இருக்கேக்க பாயும் கொண்டுபோய்க் கோயில் வீதியில கிடந்து பாத்தனாங்கள். அவர் சுடலைக்குள்ள வரேக்க விடியப்போகும். நித்திரை கொள்ளுற பிள்ளையள அம்மாமார் தட்டி எழுப்புவினம்” என்றார்.

யோசித்துப் பாருங்கள். கதை தெரிந்த கதை. முடிவு தெரிந்த முடிவு. போன வருஷத் திருவிழாவுக்கும் இதே ஆள் இதைத்தான் பாடினார். ஆனாலும் அந்த இடம் வந்ததும் பிள்ளையைத் தட்டி எழுப்புகிறார்கள். என்ன நடக்கிறது என்பதற்காக இல்லை, இன்றைக்கு எப்படிப் பாடப்போகிறார் என்பதற்காக.

இந்த மரபில் கதாநாயகனுக்குப் பெயர் ராஜபார்ட். கதாநாயகி வேஷம் ஸ்திரீபார்ட். அதைப் பெரும்பாலும் ஆண்கள்தான் கட்டினார்கள். தமிழும் இங்கிலீஷும் சமஸ்கிருதமும் ஒட்டிய இந்தச் சொற்களே இந்த நாடகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் ஊர் ஊராகக் கிளம்பின. எழுதிய திரைச்சீலை, ஆர்மோனியம், பளபளப்பான உடுப்பு, பேச்சைவிடப் பாட்டு அதிகம். தமிழ்நாட்டில் அந்த அமைப்பையும் பழைய தெருக்கூத்தையும் சேர்த்து நாடகங்கள் எழுதிக் குவித்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அங்கிருந்து குழுக்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வந்தன. கொட்டகை போட்டு ஆடியதால் யாழ்ப்பாணத்தில் அதைக் கொட்டகைக் கூத்து என்றார்கள். டிறாமா என்றும் சொன்னார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதே பார்சி கம்பனிகள் கொழும்புக்கும் வந்து ஆடின. அதைப் பார்த்துத்தான் சிங்களத்தில் நூர்த்தி பிறந்தது. ஜோன் டி சில்வா எழுதினார். இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி இசை போட்டார். 1911இல் மருதானையில் டவர் ஹோல் திறந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி சமைக்கும்போது ‘தன்னோ புதுங்கே’ பாடுவார். அது 1903இல் ‘சிறிசங்கபோ’ நாடகத்துக்காக வந்த பாட்டு. அந்த நாடகத்தை ஆச்சி பார்த்திருக்க முடியாது. அவருடைய அம்மாவே பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். பாட்டு மட்டும் நாடகத்திலிருந்து கழன்று வந்து குசினியில் இருக்கிறது. மத்திய நிலையத்தில் லொறி ஐயா பாடுவதும் வீட்டுக்குப் பக்கத்தில் ஆச்சி பாடுவதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்த நாளில் எனக்கு ஊரே கொஞ்சம் வேறாகத் தெரிந்தது. தம்புள்ளையில் தமிழ் மேடை என்று சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மேடைகளின் பாட்டும் வந்து சந்திக்கிற இடத்தில்தான் நான் வளர்ந்திருக்கிறேன்.

சரி, ராஜபார்ட்டுக்கு வருவோம். ராஜபார்ட் என்ற பெயரிலேயே ராஜா இருக்கிறார். கிரீடம், சரிகை, அரசவை, கம்பீரமான வருகைப் பாட்டு, எல்லாம் அந்த வேஷத்துக்குச் சொந்தம். வைரமுத்துவின் பெயரை நிலைக்க வைத்த இடத்தில் இதில் ஒன்றுமே இல்லை. கதை உங்களுக்குத் தெரியும். விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்குக்காக அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான். காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்கிறான். கடைசியில் தன்னையும் விற்று, வீரவாகு என்ற சுடலைக்காரனுக்கு அடிமையாகிறான். மகன் பாம்பு கடித்துச் செத்துப்போக, சந்திரமதி பிணத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகச் சுடலைக்கு வருகிறாள். அங்கே இருட்டில் ஒருவன் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, கட்டணம் வைக்காமல் எரிக்க விடமாட்டேன் என்கிறான். கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி.

அந்த ஒருவன்தான் கதாநாயகன். உடம்பில் கந்தல். ராஜா என்று காட்ட மிச்சமிருப்பது தொண்டை மட்டும். ஒரு ராஜபார்ட் நடிகரிடமிருந்து ராஜ உடுப்பை உருவிவிட்டு, இப்போது நீ ராஜாதான் என்று பாட்டாலேயே நம்பவை என்று சொல்வது மாதிரி. இந்த வேஷம் ஏன் ஒரு நடிகருக்கு ஒரு ஆயுளுக்கே போதுமாக இருந்தது என்பது எனக்கு இங்கேதான் கொஞ்சம் பிடிபட்டது.

அரிச்சந்திரன் கதைக்கு என்னமோ ஒரு சக்தி இருக்கிறது. காந்தி சின்ன வயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்துவிட்டு, அதைத் தனக்குள்ளேயே எத்தனையோ தடவை நடித்துப் பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1913இல் தாதாசாகேப் பால்கே எடுத்த இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமும் ‘ராஜா அரிச்சந்திரா’தான். எம். கே. தியாகராஜ பாகவதர் சிறு பையனாகத் திருச்சியில் முதன்முதலாக மேடையேறியது லோகிதாசனாக. அந்த வேஷத்தில் பிணமாகக் கிடந்த பையன்தான் பிறகு தமிழ்ச் சினிமாவின் முதல் பெரிய நட்சத்திரமானார்.

பாகவதரையும் வைரமுத்துவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வாசலால் புறப்பட்ட இரண்டு பாதை தெரியும். பாகவதர் மேடையில் ‘பவளக்கொடி’ நடித்தார், 1934இல் அதுவே அவருடைய முதல் படமானது. 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது. அதே வருஷக் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947இல் விடுதலையாகி வந்தபோது பழைய சனம் அவரோடு இல்லை. 1959இல் இறந்தார். சினிமா ஒரு ஆளைத் தூக்கினால் வானத்துக்குத் தூக்கும், விட்டால் பிடிக்க ஆள் இருக்காது.

எஸ். ஜி. கிட்டப்பாவின் கதை இன்னும் சின்னது. 1906இல் பிறந்தார், 1933இல் 27 வயதில் முடிந்துவிட்டார். அவர் ராஜபார்ட்டாக இருந்தது சில வருஷங்கள்தான். ஆனால் கிராமபோன் தட்டு இருந்தது. இன்றைக்கும் யூடியூபில் போட்டால் பாடுவார். தட்டு கரகரக்கும், ஆனால் அந்தக் குரல் அதைக் கிழித்துக்கொண்டு மேலே போகும். ஏன் அவ்வளவு உயரத்தில் பாடினார்கள் என்றால், மைக் இல்லை. கடைசி வரிசையில் மண்ணில் இருக்கிறவனுக்கும் சொல் விளங்க வேண்டும். தாழ்ந்த சுருதி அவ்வளவு தூரம் போகாது. அதனால் ஆண்களும் ஏறக்குறையப் பெண்களின் சுருதிக்கு ஏறிப் பாடினார்கள். (இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.)

வைரமுத்து இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. அவர் மேடையில்தான் நின்றார். ஆகவே அவருடைய வாழ்க்கைக்கு ‘முதல் படம்’, ‘வெற்றிப் படம்’, ‘மறுவருகை’ என்று பிரித்துக்காட்ட அடையாளங்கள் கிடையாது. கோயில் வீதி, கொட்டகை, திரும்பவும் கோயில் வீதி. ஒவ்வொரு இரவும் விடிந்ததும் அழிந்துவிடும். மறுநாள் வேறொரு ஊரில் அரிச்சந்திரன் முதலிலிருந்து எல்லாவற்றையும் இழக்க வேண்டும்.

அதற்கு இரவு வேண்டும். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இசை நாடகம் இரவின் கலை. சனம் பாயோடு வந்து பயமில்லாமல் வீதியில் இருந்து, விடிந்தபின் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். 1980களில் வடக்கில் போனது அந்த இரவுதான். ஊரடங்கு வந்தால் முதலில் நிற்பது விடிய விடிய நடக்கிற திருவிழாக் கூத்துதானே? வைரமுத்து இறந்த 1989 ஜூலையில் இந்திய அமைதிப்படை இன்னும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அவர் போய் ஒரு வருஷம் ஆவதற்குள், 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியது. காங்கேசன்துறையே வெறுமையானது. சனம் இடம்பெயர்ந்தது, ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. ரயில் திரும்பக் காங்கேசன்துறைக்குப் போனது 2015 ஜனவரியில். நடுவில் கால் நூற்றாண்டு. ஒரு நடிகரைத் தலைமுறை தலைமுறையாக ஞாபகம் வைத்திருக்கிறது அவருடைய ஊர்தான் என்றால், இவர் விஷயத்தில் ஊரே சிதறிப்போனது.

லொறி ஐயாவிடம் அந்த நாளில் பார்த்த நாடக நோட்டீஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். “வீடே இல்லாமப் போச்சுது பிள்ளை, நோட்டீசோ?” என்று சிரித்தார். பிறகு, “பாட்டு இருக்குத்தானே” என்றார். ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பிறகு மறுபடி திறந்தது. இடையில் அவர் லொறி ஓட்டாத வருஷங்கள் நிறைய. பாட்டு மட்டும் அவரோடு எல்லா இடத்துக்கும் போய்வந்திருக்கிறது. சோதனைச் சாவடியில் இறக்கிக் காட்ட வேண்டிய சாமான் இல்லையே அது.

இதையெல்லாம் நான் இப்போது தேடுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வருஷப் பிள்ளைகள் இந்தத் தவணை மயான காண்டத்திலிருந்து ஒரு நாற்பது நிமிஷத் துண்டை மேடையேற்றப் போகிறோம். எனக்கு அரிச்சந்திரன் வேஷம் வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், “சந்திரமதிக்குத்தான் அழுகிற சீன் கூட இருக்கு, அது நல்ல பார்ட்” என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம். இன்னொருத்தி, “பொம்பிளை ராஜபார்ட்டா? சனம் சிரிக்கும்டி” என்றாள். ஆண்கள் சேலை கட்டிச் சந்திரமதியாக அழுதபோது சிரிக்காத சனம், ஒரு பெண் கோலை ஊன்றி நின்றால் மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்?

நான் சொன்ன பதில் கே. பி. சுந்தராம்பாள். கிட்டப்பாவும் அவரும் 1926இல் கொழும்பில்தான் சந்தித்து ஒன்றாக நடித்தார்கள், அதாவது அந்தப் புகழ்பெற்ற ஜோடி நம்முடைய மண்ணில் சேர்ந்த ஜோடி. கிட்டப்பா போன பிறகு, 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் அந்த அம்மா நந்தனாராகவே நடித்தார். பக்கத்தில் ஒரு கதாநாயகனாக இல்லை, அவரேதான் நந்தனார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார் என்பது அந்தக் காலத்துப் பெரும் பேச்சு. இரண்டாவது பதில் சுருதி. மேலே அடைப்புக்குறிக்குள் சொன்னேனே, அதுதான். பழைய ராஜபார்ட்டுகள் மைக் இல்லாத காரணத்தால் கஷ்டப்பட்டு ஏறிய அந்த உயரத்தில் எனக்குக் குரல் சாதாரணமாகவே நிற்கிறது. எங்கள் ஆர்மோனியக்காரத் தம்பி அஞ்சு கட்டையில் பிடித்தபோது, மற்றப் பையன்கள் இருமினார்கள், நான் பாடினேன். முடிவு இன்னும் சொல்லவில்லை. இரண்டு பேரைப் பாடவிட்டுப் பார்ப்போம் என்று வந்து நிற்கிறது.

வீட்டில் வேறு சிக்கல். சிறப்புக் கற்கைக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். அம்மா மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர், அதனால் சும்மா இருந்தார். அப்பாதான், “அதெல்லாம் ஒரு தொழிலாம்மா? வேறென்னமாச்சும் எடு” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விலை விழுந்த நாளில் தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போகிற மனிதர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறவர். கைக்கு நிச்சயமாக வருகிற சம்பளம் என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நான் வாதாடவில்லை. அவருக்கு மயான காண்டம் கதையைச் சொன்னேன். சந்திரமதி கெஞ்சுகிறாள், கையில் ஒன்றுமில்லை, கட்டியிருக்கிற சேலையைத் தவிரத் துண்டும் இல்லை. அவன் சொல்கிறான்: வாய்க்கரிசி எனக்குச் சேரவேண்டிய பங்கு, அதை விடுகிறேன். கால்பணமும் முழத்துண்டும் என் ஆண்டைக்குரியது, அதை விட எனக்கு உரிமை இல்லை. அது தன் மகன் என்று தெரிந்த பிறகும் அதே பதில்தான். இந்த இடம் எனக்குக் கொடுமையாகவே படும் என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

“இதுல என்னா கொடும? அது அவன் காசு இல்லையே, மொதலாளி காசு. அவன் எப்புடி விட்டுக்குடுப்பான்?” என்றார்.

எத்தனை விமர்சனம் படித்தும் எனக்கு விளங்காத அரிச்சந்திரன் அந்த ஒரு வசனத்தில் விளங்கினான். சத்தியம், தர்மம் என்று பெரிய சொற்களாக நான் எழுதி வைத்திருந்ததை அப்பா ஒரு கணக்குப்பிள்ளையின் விஷயமாகப் பார்த்தார். இருபது வருஷமாக அடுத்தவர் காசை எண்ணி, ஒரு ரூபாய் குறையாமல் அடுத்தவர் கையில் கொடுக்கிறவர். சொந்தக்காரன் வந்து தராசில் கொஞ்சம் கூடப் போடச் சொன்னாலும் போடாதவர். அரிச்சந்திரன் அவருக்கு ஒரு புராண ராஜா இல்லை, இராத்திரி வேலைக்கு நிற்கிற ஒரு ஆள்.

வைரமுத்துவின் மூவாயிரம் இரவுகளையும் இப்போது நான் அப்படித்தான் பார்க்கிறேன். பழைய நாடகக்காரர்கள் தங்கள் கலையைத் ‘தொழில்’ என்றுதான் சொல்வார்கள் என்று படித்திருக்கிறேன். கூத்தாடி என்று ஊர் இளக்காரமாகச் சொன்ன காலத்திலும் அவர்கள் அந்தச் சொல்லை விடவில்லை. உடம்பு சுகமில்லாத இரவும் இருந்திருக்கும். மழை தூறிச் சனம் பாதியாகக் குறைந்த இரவும் இருந்திருக்கும். நேற்றுப் பாடிய மாதிரி இன்றைக்கு வராத இரவும் இருந்திருக்கும். அன்றைக்கும் பிள்ளையைத் தட்டி எழுப்புகிற தாய் ஒருத்தி அங்கே இருந்திருப்பாள். அந்தப் பிள்ளைக்கு அதுதான் முதல் தடவை. இரண்டாயிரத்துச் சொச்சமாவது தடவை என்பது பாடுகிறவரின் கணக்கு மட்டும்தான். அவளுக்குச் சேரவேண்டியதைக் குறைக்க ராஜபார்ட்டுக்கு உரிமை இல்லை.

வேஷம் எனக்குக் கிடைக்குமா தெரியாது. வருகிற வெள்ளிக்கிழமை பாட வேண்டும். நான் பாடுவதாக முடிவு செய்திருப்பது அழுகிற பாட்டு இல்லை, கட்டணம் கேட்கிற பாட்டு. அப்பாவிடம் இரண்டு தடவை பாடிக் காட்டினேன். “கேக்குற மாதிரி இல்ல, கெஞ்சுற மாதிரி இருக்கு” என்றார். உண்மைதான், மூன்றாவது தடவை குரலை நிமிர்த்திப் பாடினேன். ஒன்றும் சொல்லாமல் பில் புத்தகத்தைத் திறந்தார். நான் நாலாவது தடவை தொடங்கினேன்.